ஷிஜாவின் எண்பது கட்டங்கள்

பாறசாலையை அடுத்த செங்கல் ஊர்ப்பக்கம் ஷிஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவளுக்கு என்ன தெரியும் என்று தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. கம்ப்யூட்டர் படித்தவள் என்ற ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆதாரில் பெயர் திருத்தவும், ரேஷன் கார்டில் ஆள் சேர்க்கவும், மகளின் கல்யாண வீடியோவைச் சின்னதாக்கவும் அவளிடம் வருவார்கள். முடிந்ததைச் செய்து கொடுப்பாள். முடியாததற்கு அரசாங்கத்தின் அக்ஷயா சேவை மையத்துக்குப் போகச் சொல்லி, வந்தவர்களுக்குப் பால் விடாத ஒரு கட்டன்சாயாவும் கொடுத்து அனுப்புவாள்.

அவள் படித்தது வேறு. மெயின்பிரேம் என்று ஒன்று உண்டு. மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்னாலேயே வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் ஐபிஎம் கம்பெனி 360 என்ற பெயரில் ஒரு மிஷின் வரிசையை அறிவித்தது. சின்ன மிஷினுக்கு எழுதிய புரோகிராம் அதே வரிசையில் வரும் பெரிய மிஷினிலும் ஓடும் என்றது. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். அன்று ஒரு ஹாலை அடைத்து நின்ற மிஷின்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு பெரிய பிரிட்ஜ் அளவில் நிற்கின்றன. அறுபதுகளில் எழுதிய புரோகிராம்கள் சில இப்போதும் அவற்றில் ஓடுகின்றன. வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு விமானத்தில் சன்னலோர இருக்கையைப் பிடித்து வைப்பதும், ஒரே நேரத்தில் லட்சம் பேர் கேட்டாலும் ஒருவரையும் மாற்றி விடாமல் பதில் சொல்வதும் பெரும்பாலும் இந்த வர்க்கம்தான்.

அந்தக் காலத்தில் புரோகிராமை அட்டையில் துளை போட்டு மிஷினுக்குக் கொடுப்பார்கள். ஒரு அட்டைக்கு எண்பது கட்டம், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கட்டு கைதவறி விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்க வேண்டுமே, அதற்காகக் கடைசி எட்டுக் கட்டத்தில் வரிசை எண் போட்டு வைப்பார்கள். அட்டை போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. எண்பது மட்டும் போகவில்லை. மெயின்பிரேமுக்கு என்றே வளர்ந்த கோபோல் மொழியில், ஏழாம் கட்டத்தில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி மனிதர்கள் படிப்பதற்கு என்று மிஷின் புரிந்துகொண்டு தாண்டிப் போகும். தலைப்புகள் எட்டாம் கட்டத்தில் தொடங்க வேண்டும். கட்டளைகள் பன்னிரண்டில் தொடங்க வேண்டும். எழுபத்திரண்டைத் தாண்டி எழுதியதை மிஷின் படிக்காது. படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாது.

இந்தக் கட்டங்களை ஷிஜா விரல்விட்டு எண்ணுவதில்லை. நாமம் சொல்லி எண்ணுவாள். ந, ம, சி, வா, ய என்று ஐந்து. பதினாறு நாமம் சொன்னால் எண்பது. வேலைக்குப் போன முதல் வருஷம் பாறசாலை பஸ்ஸில் உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு காரியம் அவளுக்குப் பிடிபட்டது. ஏழும் பன்னிரண்டும் எழுபத்திரண்டும், மூன்றும் 'ம'வில் வந்து விழுகின்றன. அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இறைவன் எங்கெல்லாம் இடம் பிடித்து வைத்திருக்கிறான் என்று மகேஸ்வரம் சிவன் கோயில் நடையில் நின்று சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

நெய்யாற்றின்கரையில் டிகிரி முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தவள் அவள். புதிதாக வந்த முப்பது பேரும் புதுப் புது மொழிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மீந்து நின்ற நான்கு பேரை மெயின்பிரேமுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தாள். இரண்டாம் மாதம் பிடித்துப்போயிற்று. ஏழு வருஷம் வேலை பார்த்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மாமியார் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வேலையை விட்டாள். அதோடு பதின்மூன்று வருஷம் கழிந்தது.

கூட வேலை பார்த்தவர்கள் மட்டும் விடவில்லை. பிழை வந்து மிஷின் நின்றால் போன் செய்வார்கள். ஒரு கையால் தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொல்வாள். ஒரே கேள்வி பத்துத் தடவை வந்தபோது, பதில்களை இணையத்தில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தாள். அந்தப் பக்கம்தான் அவளுடைய இரண்டாவது வீடு. மிஷின் நிற்கும்போது காட்டுகிற குறி என்ன, அதற்குப் பொருள் என்ன என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும், அதன் கீழே நம் ஊர்ப் பேச்சில் ஒரு வரியும் இருக்கும். S806 என்று வந்தால், 'கூப்பிட்ட ஆள் வீட்டில் இல்லை.' S913 என்றால், 'கேட் பூட்டியிருக்கு, சாவி உன்கிட்ட இல்லை.' SB37 என்றால், 'பாத்திரம் நிறைஞ்சு வழியுது.' கடையில் கிடைக்காத பழைய கையேடுகள் இணையத்தில் எங்கே கிடக்கின்றன, வீட்டு லேப்டாப்பைப் பழைய மெயின்பிரேம் போல நடிக்க வைக்கும் ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருளை எப்படிப் போடுவது, எல்லாம் அங்கே உண்டு. சென்னையிலிருந்தும் மணிலாவிலிருந்தும் ஆட்கள் வந்து படித்தார்கள். போலந்து நாட்டிலிருந்து ஒருவர் நன்றி எழுதிப் பனி மூடிய தேவாலயத்தின் படம் போட்ட தபால் அட்டை ஒன்றை அனுப்பினார். தபால்காரர் அதை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அவள் கணவன் ஷிபு. பெருங்கடவிளைப் பக்கம் குத்தகைப் பாட்டத்துக்கு நிலம் பிடித்து ஏத்தன் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போடுகிறவன். சாயாக்கடையில் கூட்டாளிகள் அவனைச் சீண்டுவார்கள். செத்துப்போன மிஷினுக்கு உன் வீட்டுக்காரி வைத்தியம் பார்க்கிறாளாமே என்பார்கள். அவன் சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டே, "செத்துப்போச்சா? உங்க மச்சான் துபாய்ல இருந்து வாறானில்லியா, அவனுக்கு பிளைட்ல சீட்டு குடுத்தது பின்ன யாராக்கும்?" என்பான். ஷிஜா சொல்லிக் கொடுத்த பதில் அது. சொல்லும்போது தான் கண்டுபிடித்தது போலச் சொல்வான்.

அந்தப் பக்கத்தை எப்படியோ பங்கஜாட்சி பார்த்தார். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் மெயின்பிரேம் பிரிவுக்குத் தலைமை அவர். ஊர் நெய்யாற்றின்கரை. வயது ஐம்பத்தேழு. கம்பெனிக்கு இந்த வேலை தெரிந்தவர்கள் வேண்டும், படித்து வருகிற பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பு கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் குடும்பத்துக்காக வீட்டில் இருக்கிற பெண்கள் ஒன்பது பேரைச் சேர்த்து மூன்று வாரம் வகுப்பு நடத்த முடியுமா என்று ஷிஜாவிடம் கேட்டார். கடைசிச் சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், தான் கொடுக்கிற கணக்குக்கு அவர்களாகவே புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நன்றாக வந்தால் அவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள், ஷிஜாவுக்கும் வேலை உண்டு. வராவிட்டால் திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து வேறு ஆளை ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஷிஜாவுக்கு அந்த வேலை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று வெளியே சொல்லவில்லை. காலையில் விளக்கேற்றும்போது மட்டும் சொன்னாள்.

பாறசாலை வாசகசாலைக் கூடத்தில் வகுப்பு நடந்தது. பழைய கம்ப்யூட்டர் நான்கு கிடந்தன. ஒன்பது பேரில் கெட்டிக்காரி லிஷா. கோட்டுகாலிலிருந்து வருகிறவள், அவள் வீட்டுக்காரர் சகாயதாஸ் கடலுக்குப் போகிறவர். ஷிஜா நாமம் சொல்லிக் கட்டம் எண்ணுவதைப் பார்த்து லிஷா ஜெபமாலையை எடுத்தாள். மாலையில் பத்துப் பத்து மணியாக ஒரு கணக்கு, எட்டுப் பத்து எண்பது. எங்கள் வழியும் சரியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டாள். கூடத்தில் ஒரு பக்கம் நமசிவாயமும் மறுபக்கம் அருள்நிறைந்த மரியாயும் முணுமுணுப்பாகக் கேட்கும். நடுவில் கீபோர்டு சத்தம்.

கடைசி வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை லைன் வேலை, காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை கரண்ட் இருக்காது. பாறசாலை முழுக்க. ஷிஜா பங்கஜாட்சியைக் கூப்பிட்டுச் சொன்னாள். நாளைத் தள்ளிவைக்க அவருக்கு வழியில்லை. தாளில் எழுதட்டும், உன் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறவரை ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

தாள் என்றதும் ஷிஜாவுக்குத் தைரியம் வந்தது. அவள் ஒரு சின்னப் புத்தகம் எழுதி, பாறசாலை ஜங்ஷனில் டிடிபி கடை வைத்திருக்கும் தாணுவிடம் அச்சடிக்கக் கொடுத்திருந்தாள். மாதிரிப் புரோகிராம்கள், ஒவ்வொன்றும் கட்டம் பிசகாமல். மிஷின் இல்லாமல் எழுதினாலும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எது எங்கே தொடங்கும் என்று கண்ணுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனாள். கரண்ட் இல்லாத கடையில் தாணு வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், பதினாறாம் நாள் அடியந்திரக் கார்டு என்று முப்பது வருஷமாகப் பார்க்கிற கை. பன்னிரண்டு புத்தகத்தையும் இரவே முடித்துக் கட்டி வைத்திருந்தார். அட்டையைச் சுற்றிப் பூங்கொடி. ஷிஜா உள்ளே திறந்தாள்.

புரோகிராம்கள் எல்லாம் பக்கத்தின் நடுவில், கவிதை போல, அழகாக நின்றன. இடப்பக்கத்து வெற்றிடம் ஒன்றுகூட இல்லை. நட்சத்திரம் எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீள வரிகளை மடித்துக் கீழே போட்டிருந்தார்.

"எங்ஙன இருக்கு மக்கா?" என்றார் தாணு. "நீ தந்தது இஞ்சயும் அங்ஙனயும் சிதறிக் கிடந்து. சின்னப் பிள்ள தட்டினதுபோல. காலியா கிடந்ததெல்லாம் எடுத்துக் களஞ்சு நேராக்கியாச்சு. கல்யாணக் கார்டுகூட இத்தற பங்கியா, அழகா வராது."

ஷிஜா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கண் நிறைந்தது. கோபம் வருகிற இடத்தில் நாமம் சொல்வது அவள் பழக்கம். சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது நாமத்தில் குரல் வந்தது.

"தாணு அண்ணா, அது காலி இல்ல. அதும் எழுத்தாக்கும்."

"காலி எங்ஙன மோளே எழுத்தாவும்?"

"திருவிழா நோட்டீஸில சாமி பேர நடுவில போடுவிய. ஓரத்தில கொண்டு போட்டா சரியாவுமா?"

"அய்யோ, தெய்வதோஷமாக்கும்."

"இதில ஒவ்வொரு எழுத்துக்கும் அதுபோல ஒரு இடம் உண்டு. இடம் மாறினா மிஷினுக்கு ஒண்ணும் புரியாது."

தாணுவின் முகம் வாடிப்போயிற்று. எழுந்து கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தட்டினார். கரண்ட் இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்ததல்லவா, பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஷிஜா அவரைத் திட்டவில்லை. அவரைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கடைக்குள்ளே பார்த்தாள். அலமாரியில் பள்ளிக்கூட நோட்டுகள் அடுக்கியிருந்தன. கணக்குப் பாடத்துக்கு வாங்குகிற கட்டம் போட்ட நோட்டு.

ஒன்றை எடுத்து விரித்தாள். வாய்க்குள் நாமம் சொல்லிக்கொண்டே கட்டத்தின்மேல் விரலை நகர்த்தினாள். நான்கு நாமத்தில் பக்கம் முடிந்தது. இருபது. விரித்த நோட்டில் நாற்பது. இன்னொரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் ஒட்டி விரித்து வைத்தாள்.

எண்பது.

அட்டை போன பிறகும் ரொம்ப காலம் ஆட்கள் இப்படித்தான் எழுதினார்கள், எண்பது கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தாக. அவள் அதைப் படித்திருக்கிறாளே தவிர எழுதியதில்லை. "பத்து நோட்டு எடுங்க அண்ணா," என்றாள். தாணு பத்துக்குப் பதினைந்து எடுத்தார். கடையைப் பூட்டினார். ஸ்கூட்டரில் நோட்டோடு தானும் வந்தார்.

ஒருத்திக்கு இரண்டு நோட்டு வைக்க நோட்டும் போதவில்லை, மேசையும் போதவில்லை. ஆகையால் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தாள். இடப்பக்க நோட்டு ஒருத்திக்கு, வலப்பக்கம் மற்றவளுக்கு. நாற்பதாம் கட்டம் வரை இவள் எழுதுவாள், நாற்பத்தொன்றிலிருந்து அவள் எழுதுவாள். மேல் வரியில் ஐந்து ஐந்தாகப் பென்சிலால் கோடு கிழித்து, ஏழிலும் பன்னிரண்டிலும் எழுபத்திரண்டிலும் சிவப்பு மையால் புள்ளி வைத்தார்கள்.

பங்கஜாட்சி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. ஷிஜா நடந்ததை மறைக்கவில்லை. பூங்கொடிப் புத்தகத்தையும் காட்டினாள். தாணு சன்னலுக்கு வெளியே நகர்ந்து நின்றுகொண்டார். பங்கஜாட்சி புத்தகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பலகையில் கணக்கை எழுதினார். ஒரு பட்டியலில் ஆட்களின் பெயரும் ஊரும் உண்டு. அதை வாசித்து ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

எட்டு பேர் நான்கு ஜோடியாயிற்று. லிஷா தனியாக மிஞ்சினாள். தனியாக எழுதட்டுமா என்று ஷிஜா கேட்கப் போகையில், பங்கஜாட்சி பையைக் கழற்றி வைத்துவிட்டு லிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பென்சில் கேட்டார்.

"நான் வேலைக்குச் சேந்த காலத்தில இதுதான் பணி," என்றார். "நீ வலது பக்கம் இரி மோளே."

அதன் பிறகு கூடத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் பரீட்சை என்று சொல்லமாட்டார்கள். ஒரு வார்த்தை நாற்பதாம் கட்டத்தில் பாதியில் நின்றால், இடப்பக்கத்தவள், மாநில எல்லைக்கு வந்துவிட்டதுபோல, களியிக்காவிளை வந்தாச்சு என்பாள், வலப்பக்கத்தவள் செக்போஸ்ட்டில் வாங்கிக்கொள்வது போல மீதி எழுத்தை வாங்கிக்கொள்வாள். பெயர் கேரளத்திலும் முற்றுப்புள்ளி தமிழ்நாட்டிலும் விழுந்தது என்று ஒரு ஜோடி சிரித்தது. நாமமும் ஜெபமும் மெல்ல ஓடின.

தாணு எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அச்சுப்பிழை பார்க்கிற கண்ணல்லவா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாக நடந்தார். மூன்றாவது மேசையில் நின்றார். சிவப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டி, "மோளே, ஒரு எழுத்து எழுவத்துமூணில கேறிப்போச்சு. மிஷின் பாக்காது, கேட்டியா," என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

லிஷா எழுதாமல் உட்கார்ந்திருப்பதை ஷிஜா பார்த்தாள். என்ன என்று கண்ணால் கேட்டாள். லிஷா பங்கஜாட்சியின் நோட்டைக் கண்ணால் காட்டினாள். அங்கே நட்சத்திரம் எட்டாம் கட்டத்தில் இருந்தது. மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று லிஷா விழிக்கிறாள். ஷிஜாவுக்கும் ஒரு நிமிஷம் தயக்கம். வேலை கொடுக்க வந்தவரிடம் தப்புச் சொல்லலாமா? ஆனால் சொல்லாமல் விட்டால் புரோகிராம் நின்றுவிடும். சொல்லு என்று தலையசைத்தாள்.

"மேடம்," என்றாள் லிஷா மெல்ல. "ஒரு மணி கூடிப்போச்சு."

பங்கஜாட்சிக்குப் புரியவில்லை. லிஷா ஜெபமாலையை நீட்டி, ஏழாவது மணியைத் தொட்டுக் காட்டினாள். அவர் தம்முடைய நோட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று.

"முப்பத்தஞ்சு வருஷமாச்சு எனக்க தப்ப ஒருத்தி எனக்க மொகத்துக்கு நேர சொல்லிட்டு," என்றார். "ரப்பர் எடு மோளே."

பன்னிரண்டரைக்கு எல்லோரும் எழுதி முடித்தார்கள். ஷிஜா லேப்டாப்பைத் திறந்தாள். சார்ஜ் அறுபத்திரண்டு சதவீதம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டாள். ஒருத்தி நோட்டிலிருந்து வாசிக்க, இன்னொருத்தி தட்டினாள். காலி ஏழு, காலி பதினொன்று என்று வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் தாணுவே எண்ணிச் சொன்னார், காலியை இனி அவர் ஒருபோதும் களைய மாட்டார் போலிருந்தது.

ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். முதல் ஜோடிக்குத் திரையின் மூலையில் 0000 வந்தது. இரண்டாவதற்கும் அதுவே வந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அதுவே. சார்ஜ் பதினெட்டுக்கு இறங்கியபோது லிஷாவும் பங்கஜாட்சியும் எழுதியதை ஓட்டினாள். ஐந்தாவது தடவையும் நான்கு பூஜ்யம்.

கூடத்தில் கூச்சல் எழுந்தது. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். தாணு மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றார்.

"எனக்க புஸ்தகம் கெடுத்துப்போட்டு," என்றார். "ஒரு மார்க்குகூட இல்லியே. எல்லாத்துக்கும் பூஜ்யம்."

ஷிஜா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். இந்த மிஷின் பிழைக்குத்தான் எண் போடும், பிழை பெரிதாக ஆக எண்ணும் பெரிதாகும், பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை என்று அவருக்குச் சொன்னாள். தாணு அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மனுஷன் பார்க்கிற கணக்கும் இதுபோல இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று சொல்லி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பங்கஜாட்சி நோட்டுகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். ஆபீஸில் காட்ட வேண்டுமாம். வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு பாறசாலை ஜங்ஷன்ல வண்டி வரும். பத்து பேருக்குச் சொல்லியிருக்கேன்."

ஒன்பது பேர்தானே என்று ஷிஜா வாயெடுத்தாள். சொல்லத் தொடங்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. நின்ற இடத்திலேயே கைகூப்பினாள். அது மேடத்துக்கா, மேலே இருப்பவனுக்கா என்று அவளுக்கே தெரியாது.

வெளியே வந்து ஷிபுவைக் கூப்பிட்டாள். அவன் தோட்டத்தில் வாழைக்கு ஊன்று கொடுத்துக்கொண்டிருந்தான். கிடைத்தது என்று மட்டும் சொல்ல முடிந்தது அவளால். பக்கத்துத் தோட்டக்காரனிடம் அவன் உரக்க என்னவோ சொல்வது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பி வந்தான்.

"திங்கக்கிழமை நீ அடுக்களைக்குக் கேறண்டாம்," என்றான். "நீ கொண்டுபோவதுக்கு சோறு நான் பொதியுதேன். நல்ல வாழ இலையா ஒண்ணு இப்பமே பாத்து வச்சிருக்கேன்."